கிழக்குக் கதவு

கிழக்குக் கதவை ஒரு விரலால் இழுத்ததுமே திறந்துகொண்டது. அப்படியானால் தீப்பிடித்த அன்று அது ஏன் திறக்கவில்லை? தச்சு வேலைக்கு வந்திருந்தவளுக்கு அதுதான் புரியவில்லை. அந்தக் கதவடியில் ஒன்பது பேர் இறந்தபின் இசையரங்கம் மூடப்பட்டது. வாயிற்காவலராக இருந்த அவளுடைய அப்பா, அன்று தாழ்ப்பாளைத் திறந்துவிட்டதாகச் சாகும்வரை சொன்னார். யாரும் நம்பவில்லை, அம்மாவும்கூட. இப்போது அரங்கத்தைப் புதுப்பிக்கிறார்கள்.

மதியம் ஆறு பேர் பழைய பியானோவை அந்த வழியாக வெளியே கொண்டுபோனார்கள். முன்னால் போன கொத்தனார் கதவுக்கும் பியானோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

"கதவத் திறங்கண்ணே, கை விட்டுப்போகுது" என்றான் பின்னால் இருந்தவன்.

"உள்பக்கமா இழுத்தாத்தானே திறக்கும்? பின்னாடி போங்கப்பா."

"கடைசியில நிக்கிறவன் தள்ளிக்கிட்டே இருக்கானே."

"அப்ப என்னையும் சேத்துச் சுவத்துல பூசிட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை, தாழ்ப்பாளும் போட்டிருக்கவில்லை. நெரிசலே அதை நிலைச்சட்டத்தோடு அழுத்திப் பிடித்திருந்தது. தீப்பிடித்த அன்றும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

மாலையில் அம்மாவிடம் சொன்னாள்.

"கடைசி வருஷம் பூரா நான் அவர்கூடப் பேசவே இல்லையேடி" என்றாள் அம்மா.

மறுநாள் வேலையைத் தொடங்கினாள். கதவை வெறுமனே வெளிப்பக்கம் திருப்பினால், குறுகலான தெருவில் போகிறவர்களை இடிக்கும். அதனால் கதவின் அகலத்துக்கு நிலையை உள்ளே தள்ளி வைத்தாள். கதவோரம் இரண்டு இருக்கைகள் போயின. கீல்களை மாற்றி மாட்டினாள். இனி உள்ளேயிருந்து எத்தனை பேர் நெருக்கித் தள்ளினாலும், அந்தத் தள்ளலே கதவை வெளிப்பக்கமாகத் திறந்துவிடும்.