பத்து மணிக்கு உள்ளேன் ஐயா

"யாருமே கூப்பிடலையே, யாருக்குப்பா 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்றே?" என்று பிஸ்கட் கம்பெனி முதலாளியை அவருடைய மகள் ஐந்து வயதில் கேட்டாள். "வகுப்பறைக்கும்மா" என்றார் அவர். உண்மையைத்தான் சொன்னார்.

படிப்பைப் பாதியில் விட்டவர்களை அந்தப் பல்கலைக்கழகத்தின் எட்டாம் எண் அறை தினமும் காலை பத்து மணிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஆசிரியர்கள் ஓய்வு பெற்று, அறையில் உடைந்த மேசைகளைப் போட்டுப் பூட்டிய பிறகும் கூப்பிட்டது. அந்தக் குரல் விட்டுப்போனவர்களின் காதில் மட்டும் விழும்; மற்றவர்களின் பெயர்களும் பதில்களும்கூட அவர்களுக்குக் கேட்கும். பதில் அவரவர் வாயிலிருந்து தானாக வந்துவிடும். ஊரில் பெயரெடுத்தவர்களில் பாதிப் பேர் அங்கே படித்து முடிக்காதவர்கள் என்பதால் சில சங்கடங்கள் நேர்ந்தன. மேடையில் பிணமாகக் கிடந்த நடிகை பிணமாகவே பதில் சொன்னார். பாலம் இடிந்ததற்கு யார் பொறுப்பு என்று எதிர்க்கட்சி கேட்டபோது மணி பத்து. எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்ற அமைச்சருக்குப் பதவி போயிற்று. வெட்கப்பட்ட பல்கலைக்கழகம் பிரபலங்களை மட்டும் அழைத்து, கௌரவப் பட்டம் கொடுத்துக் கணக்கை முடித்தது. பட்டம் வாங்கியவர் காதில் குரல் விழாது. நடிகை இப்போது நிம்மதியாகச் சாகிறார்.

முதலாளி மட்டும் அடுப்பை விட்டு வர நேரமில்லை என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது, முகூர்த்தம் காலை பத்து மணிக்கு. "அன்னைக்காவது வாயை மூடிட்டு இருப்பியாப்பா? மாப்பிள்ளை வீட்டுல ஏற்கெனவே ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றாள். பட்டம் வாங்கப் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் பத்து அடித்தது. தன் பெயருக்குப் பதில் சொன்னார். அடுத்தது ஒல்லியின் பெயர். பதில் இல்லை.

ஒல்லி அவருடைய பெஞ்சுக்காரன், கீச்சுக் குரல்காரன். முதலாளியின் அப்பா படுக்கையில் விழுந்து, காலையெல்லாம் இவர் கடையில் மாவு பிசைந்த இரண்டு வருடமும், முகவாயை நெஞ்சில் அழுத்திக் கட்டைக் குரலில் இவருக்காக "உள்ளேன் ஐயா" சொன்னவன். அந்தப் பொய்யைக் கடவுள் புண்ணியமாகத்தான் சேர்த்திருப்பார். ஒல்லியும் தேறவில்லை, வேறு ஊரில் பஸ் ஓட்டினான்.

முதலாளி போன் செய்தார். ஒல்லியின் மனைவி எடுத்தாள். "தொண்டையில ஆபரேஷன்ண்ணே. உயிருக்கு ஒண்ணுமில்ல, பேச்சுதான் இனிமே வராதாம். அதைக்கூடத் தாங்கிக்கிட்டாரு. பத்து மணியானா 'எனக்கு ஆப்சென்ட் விழுது'ன்னு எழுதிக் காட்டி அழறாருண்ணே. பஸ் ஓட்டறவருக்கு யாரு கூப்பிட்டுப் பட்டம் குடுப்பாங்க?"

முதலாளி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பட்டம் வாங்கினால் ஒல்லியின் பெயரும் காதில் விழாதே.

கல்யாணத்தன்று பத்து மணிக்குப் பெண்ணின் அப்பாவைக் காணவில்லை. அவர் மண்டபத்துச் சாமான் அறையில், அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். தன் பெயருக்குப் பதில் சொன்னார். அடுத்த பெயர் வந்ததும் கழுத்தை நீட்டி, கீச்சுக் குரலில், "உள்ளேன் ஐயா" என்றார்.

எட்டாம் எண் அறை ஒரு நொடி தயங்கியது. பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டது.