அலமாரி ஷூ

விடிவதற்குள் பதினேழு இரும்புத் தகடுகளை லாரியிலிருந்து கிரேனில் தூக்கி இறக்கியிருந்தோம். துப்பினால் எச்சில்கூடக் கறுப்பாக விழுந்தது. கிரேனில் தகடு மாட்டும் கொக்கியண்ணன் ரப்பர் செருப்போடு நின்றார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான்.

பதினெட்டாவது தகடு ஏறும்போது தேய்ந்த சங்கிலி அறுந்தது. அண்ணனின் வலது பாதம் தகட்டுக்கு அடியில் போயிற்று.

ஆம்புலன்ஸ் போனபிறகு முதலாளி வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி, ரத்தத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து, தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"வளைஞ்சிருச்சா?"

பிறகு மேசையில் ஒரு தாளை வைத்து, ஒரு புகைப்படத்தை நீட்டினார். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்தது. அண்ணன் காலில் இரும்பு முனை ஷூ பளபளத்தது.

"ஷூ குடுத்தோம், போடல. அவன் திமிரு. எல்லாரும் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

"அப்போ அண்ணனோட வைத்தியம்? வேலை?" என்றேன்.

"அவன் தப்புக்கு நான் அழணுமா?"

அந்த ஷூவை எங்களுக்குத் தெரியும். அலுவலக அலமாரியில் இருப்பது ஒரே ஜோடி. சேரும் அன்று மாட்டிவிட்டு, படம் எடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கி, கழற்றி வைத்துக்கொள்வார்கள். எனக்கு அது இரண்டு விரல் பெரிது. ஆனாலும் சிரித்தபடி நின்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நாங்கள் மாமா என்று கூப்பிடும் வெல்டர் முன்னால் வந்தார்.

"போடலாம் சார். முதல்ல என் ஷூவக் குடுங்க. வாங்கினதாக் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"என்னய்யா, நக்கலா?"

"போடலன்னா திமிருங்கறீங்க. இன்னிக்கு ஒழுங்காப் போட்டுக்கறேன்."

முதலாளி அந்த ஜோடியை எடுத்துவரச் சொல்லி அவர் முன் வீசினார். மாமா நிதானமாக மாட்டி, லேஸ் கட்டி, ஒதுங்கி நின்றார்.

"எனக்கு ஆச்சு. அடுத்த ஆளுக்கு?"

அடுத்து நான். எனக்குப் பின்னால் முப்பத்தாறு பேர்.

"எனக்கும் குடுங்க சார்."

"கேட்டப் பூட்டிடுவேன்!"

"பூட்டுங்க. வரிசை வெளியில நிக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி மாமாவின் போனில் பேசினாள். வலது பாதத்தை எடுத்துவிடப் போகிறார்களாம்.

மாமா குனிந்தார். வலது ஷூவை மட்டும் கழற்றி, மேசையில் இருந்த சாட்சித் தாளின் மேல் வைத்தார்.

கிரேனில் அறுந்த சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது. வரிசையை விட்டு யாரும் அசையவில்லை.