செம்பாக்கம் கிணற்றில் இறக்கிய விளக்கு

கிணற்று வேலையில் எங்களுக்கு ஒரே சட்டம்தான். மூடிக் கிடந்த கிணற்றில் ஆள் இறங்குமுன் அரிக்கேன் விளக்கு இறங்க வேண்டும். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். இருபது வருடத்தில் நானும் தயாளனும் இதை ஒருநாளும் மீறியதில்லை. அவன் மனைவி புஷ்பம் தினமும் காலையில் என்னிடம் கேட்பாள்: "ஷாகுல் அண்ணா, வெளக்கு எறக்கிட்டுதானே அவர எறங்க வுடுவீங்க?"

நான் தலையாட்டுவேன். அப்புறம்தான் அவனை என்னோடு அனுப்புவாள்.

2008-இல் செம்பாக்கத்தில் அந்த வேலை வந்தது. வயலெல்லாம் மனையானபோது அநாதையாகிப்போன பாசனக் கிணறு. பதினைந்து வருடம் தெருவே அதில் குப்பை கொட்டியது. நாற்றம் தாங்காமல் கற்பலகை போட்டு மூடினார்கள். அதைச் சரியாக அடைத்துத் தரச் சொல்லி ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து முகிலன் சார் வந்தார். கையில் வாயு அளக்கிற சின்ன மீட்டர். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். டீ வாங்கிக் கொடுத்து, எங்களோடு தரையில் உட்கார்ந்து விளக்கினார்.

"உள்ளேர்ந்து மீத்தேன் வருதுண்ணா. கரியமில வாயுவ விட இருபது மடங்கு மோசம். பூமியே சூடாயிட்டிருக்கு. இத அடைச்சா நம்ம பேரப்பிள்ளைங்களுக்கு நல்லது."

பூமி சூடாகும் என்றார். கிணறு பற்றிக்கொள்ளும் என்று சொல்லவில்லை. தயாளனுக்கோ பெருமை தாங்கவில்லை. பூமிக்கே வைத்தியம் பார்க்கிறேன் என்று புஷ்பத்திடம் அளந்திருக்கிறான்.

உள்சுவரில் விளிம்பு வெட்டி, அதன்மேல் கான்கிரீட் மூடி உட்கார வேண்டும். வெட்ட இறங்குகிறவன் தயாளன். கற்பலகையை ஓரம் நகர்த்தினோம். நான் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டினேன். அப்போது முகிலன் சார் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய்க் கைகட்டி நின்றார். பிறகு கேமராவை எடுத்தார்.

"தோ பாரு மச்சான்," என்றான் தயாளன். "நம்ம வெளக்க பூஜைன்னு நெனச்சிகினாரு."

"கும்புட்டுகினு போட்டும், நமக்கின்னா," என்றேன் நான்.

இருவரும் சிரித்தோம். படித்தவர் ஏமாறுவதைப் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம். சார், இது பூஜை இல்லை, காற்றைச் சோதிக்க அடிவரை இறக்குவோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அலறிக்கொண்டு ஓடி வந்திருப்பார். என் வாயில் கொழுக்கட்டை.

இறங்கப் போகிறவன்தான் திரியைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். நான் கயிற்றை விட விட, தயாளன் குனிந்து பார்த்தான். விளக்கு அணையவில்லை. குப்பென்று நெருப்பு மேலே வந்தது.

இரண்டு கண்ணும் போய்விட்டன.

ஆஸ்பத்திரி வாசலில் முகிலன் சாரின் சட்டையைப் பிடித்தேன். "எரியும்னு ஏன் சார் சொல்லல?"

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேண்ணா. ஸ்கூல்லயே வருமே." அவர் அழுதார். அழுது என்ன புண்ணியம்?

புஷ்பம் அழவில்லை. என்னை ஒன்றுதான் கேட்டாள். "அன்னிக்கு வெளக்கு எறக்காம வுட்டுட்டீங்களா?" இறக்கினேன், அந்த நெருப்பிலேயே வாயு பற்றிக்கொண்டது என்றேன். தயாளனும் அதையே சொன்னான். கூட்டாளியைக் காப்பாற்றப் புருஷன் பொய் சொல்கிறான் என்றே அவள் நினைத்தாள். ஒரு வருடம் என் முகத்தில் விழிக்கவில்லை.

வேறு ஆட்களை வைத்துக் கிணற்றை மூடினார்கள். அடுத்த வருடம் நிறுவனம் வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் போட்டது. எத்தனை டன் வாயு தடுக்கப்பட்டது என்ற கணக்கு. பக்கத்தில் படம்: என் கையில் கயிறு, கிணற்று வாய்க்குள் இறங்கும் விளக்கு, குனிந்து நிற்கும் தயாளன். கீழே, 'பணிக்கு முன் உள்ளூர் மக்களின் பாரம்பரிய வழிபாடு.' தயாளனைப் பற்றி வேறு ஒரு வரி இல்லை.

இருந்தாலும் என் பக்கம் சாட்சி கிடைத்ததே என்று அதைத் தூக்கிக்கொண்டு புஷ்பத்தின் வீட்டுக்கு ஓடினேன்.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கட்டிலில் தயாளன் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எறக்கித்தான் கீறீங்க," என்றாள்.

"நான் சொன்னேனே, புஷ்பம்."

"நான்தானேண்ணா தெனம் எறக்கச் சொன்னேன்."

அன்றுதான் அழுதாள். பழி என்மேலேயே இருந்திருக்கலாம்.