மச்சான் கையில் கம்பி

என் இரண்டு கம்பிகளையும் ஏந்திக்கொண்டு நான் கடற்கரையில் நின்றால், கடல் என் பக்கமாக இரண்டடி நகர்ந்து வரும். ஒருமுறை வந்தே இருக்கிறது. பார்த்த சாட்சிகள் பதினாறு பேர். நனைந்த செருப்பை எல்லோரும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். குடிநீர் ஆபீசில் முப்பத்திநான்கு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெல்டிங் கம்பி இரண்டை ‘ட’ மாதிரி வளைத்து, கைக்கு ஒன்றாகத் தளர்வாகப் பிடித்து, முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பேன். அடியில் தண்ணீர் ஓடினால் இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துத் திரும்பிக் குறுக்கே விழும். அந்த இடத்தில் தோண்டினால் பைப். இப்படி நான் கண்டுபிடித்த பைப்புகளை நீளவாக்கில் வைத்தால் நிலாவைத் தொட்டுவிட்டுப் பாதி தூரம் திரும்பி வரலாம்.

இதை ஏற்காத ஒரே பிறவி என் மனைவியின் தம்பி. கசிவு கண்டுபிடிப்பதுதான் அவனுக்கும் தொழில். காதில் ஹெட்ஃபோன், கையில் யானைக்கால் போல ஒரு தரை மைக், இடுப்பில் விளக்குகள் மின்னும் ஒரு பெட்டி. நான் அவனை விஞ்ஞானி என்று கூப்பிடுவேன். அவன் என்னை மரியாதையாக ‘மாமா’ என்பான்; அந்த ‘மா’வுக்கும் அடுத்த ‘மா’வுக்கும் நடுவில் பல்லைக் கடிப்பது கேட்கும். இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் ஒரு விசேஷத்திலும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. என் மனைவியே நடுவில் இரண்டு நாற்காலி விட்டுத்தான் இலை போடச் சொல்வாள்.

எங்கள் இருவரையும் ஒரே வெள்ளிக்கிழமை காலையில் ஒரே இடத்துக்கு வரவழைத்தவள் என் மகள். கதியில்லாமல் செய்தாள்.

அவள் நடத்துவது சலவைக்கூடம். ஆஸ்பத்திரித் துணி மட்டும்தான். கூடத்தின் நடுவே ஒரு சுவர். இந்தப் பக்கம் அழுக்குப் பகுதி: ஓரச் சுவரில் பாய்லர், தள்ளுவண்டிகள், மூன்று டன் எடையில் தரையோடு போல்ட் போட்ட மூன்று சலவை இயந்திரங்கள். அந்தப் பக்கம் சுத்தப் பகுதி: இஸ்திரி, மடிப்பு மேஜை, அலமாரி முழுக்க வெள்ளை விரிப்புகள். நான்கு நாளாக மீட்டர் பம்பரமாகச் சுற்றுகிறது, பின்னால் இருக்கும் தொட்டிக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் போகிறது. நடுவில் எங்கோ தரைக்கடியில் பைப் விட்டுவிட்டது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எண்ணூறு விரிப்பு போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். பாதிதான் தயார். அந்த வேலை போனால் கூடத்தை மூட வேண்டியதுதான். பதினொரு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தரைக்கு மேலே புதிதாக ஒரு பைப் இழுக்கலாம் என்றால் எங்கள் குடிநீர் ஆபீசில் அனுமதிக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளைப் பத்து நாளாகவே வைத்துக் காப்பாற்றியவர்களில் நானும் ஒருவன் என்பதால் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

கான்கிரீட் உடைப்பவர் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

“எங்கம்மா உடைக்கணும்?”

“மூணாவது மெஷினுக்கு அடியில” என்றான் மச்சான், ஹெட்ஃபோனைக் கழற்றி. “சத்தம் அங்கதான் உச்சத்துல இருக்கு.”

“அந்த மெஷினக் கழட்டி நகத்தவே ரெண்டு நாள் ஆகும் மாமா” என்றாள் மகள்.

“அதுக்கு நான் என்னம்மா பண்றது? கசிவு உன் வசதியப் பாத்தா உக்காரும்?”

நான் அதற்குள் கம்பிகளோடு ஒரு நடை போய்வந்திருந்தேன். “பாய்லர் சுவர் ஓரம்” என்றேன். “நூலு பிடிச்ச மாதிரி நேர்கோடு. கேட்டுல இருந்து அந்த மெஷின் அடி வழியா தொட்டிக்கு. எனக்குத் தெரியாதா? இந்த பைப்ப இங்க போட்டவனே நான்தான்.”

அது உண்மை. இந்தக் கட்டிடம் கிடங்காக இருந்த காலத்தில் என் குழுதான் பைப் போட்டது. வரைபடத்தில் கையெழுத்தும் என்னுடையது.

மச்சான் கைதட்டினான். “ஆஹா! போட்ட இடம் ஞாபகம் இருக்கு, ஞாபகத்துக்கு மேல கம்பியப் பிடிச்சுட்டு நடக்குறாரு. இதுக்குக் கம்பி எதுக்கு மாமா? விரல நீட்டிட்டே நடக்கலாமே.”

“உன் பெட்டி பொய் சொல்லுது. சத்தம் பைப்போட போய் வேற இடத்துல கேக்கும். ஃபிட்டர் வேலை பாத்தவனுக்குத் தெரியும், பேட்டரி மாத்துறவனுக்குத் தெரியாது.”

“சரி, சோதிச்சுப் பாத்துடலாமா? எல்லாரும் இருக்காங்க.”

மூடி போட்ட ஐந்து டிரம்மை வரிசையாக வைத்தான். என்னை வெளியே அனுப்பிவிட்டு, குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரை இரண்டில் ஊற்றி மூடினான். ஒரு தலையணை உறையை என் தலையில் மாட்டிவிட்டான், ஓரக்கண்ணால் பார்த்துவிடுவேனாம். நான் உறைக்குள் இருந்தபடியே கம்பீரமாக நடந்தேன். காலியான மூன்று டிரம்மிலும் கம்பி சேர்ந்தது. தண்ணீர் இருந்த இரண்டையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இப்படித் தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிகிறவன்கூட ஒன்றையாவது சரியாக அடித்திருப்பான்.

இஸ்திரி போடும் பெண்கள் கதவிடுக்கில் நின்று சிரித்தார்கள். நான் உறையைக் கழற்றினேன். “அது கேன் தண்ணி. நின்ன தண்ணி, செத்த தண்ணி. ஓடுற தண்ணிக்குத்தான் என் கம்பி மரியாதை குடுக்கும்.”

“நீங்க தோத்ததும் தண்ணி செத்துப் போச்சா?” மச்சானுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது. “இருபத்திரண்டு வருஷம்! எத்தனை பேர் வீட்டுத் தரைய வீணா தோண்ட வச்சிருப்பீங்க? இப்ப சொந்தப் பொண்ணு வாழ்க்கையத் தோண்டுறீங்க.”

“ஏய், வார்த்தைய அளந்து பேசு!”

“அளக்கத்தான் பெட்டி வச்சிருக்கேன். உங்களுக்குத்தான் அளவே கிடையாது.”

“ஐயா, எங்க உடைக்கணும்?” என்றார் உடைப்பவர்.

யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. மச்சான் என் கையிலிருந்த கம்பிகளைப் பிடுங்கினான். “எல்லாரும் பாருங்க. இதுல ஒரு மந்திரமும் இல்ல. மணிக்கட்டு முடியளவு உள்ள சாஞ்சா போதும், முனை தானா உள்ள வந்துடும். சாய்க்கிறோம்னு சாய்க்கிறவனுக்கே தெரியாது. அதுதான் வித்தை.”

பிறகு என்னைப் போலவே நடந்து காட்டினான். கழுத்தை நீட்டி, வலது காலை இழுத்து, புருவத்தைத் தூக்கி. பாவி, நன்றாகவே செய்தான். பெண்கள் வழிவிட, ஆடும் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சுத்தப் பகுதிக்குள் போனான். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். மடிப்பு மேஜைக்கும் விரிப்பு அலமாரிக்கும் நடுவே கம்பிகள் குறுக்கே விழுந்தன.

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதுவும் நடிப்பு என்று நினைத்திருப்பார்கள். மச்சான் சிரிக்கவில்லை. ஒரு அடி பின்வாங்கினான்; கம்பிகள் விலகின. முன்னால் வைத்தான், சேர்ந்தன. நான் அவன் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசமட்டம் வைத்த மாதிரி நேராக இருந்தது.

“பாத்தீங்களா?” என்றான் எல்லோரையும் திரும்பிப் பார்த்து. “சாய்ச்சேன், சேந்துச்சு. இவ்வளவுதான்.”

கம்பிகளை மேஜைமேல் போட்டான். திரும்பி வரும்போது அந்த இடத்தை மிதிக்காமல், தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிறவன் மாதிரி, அலமாரி ஓரமாகச் சுற்றி வந்தான்.

நியாயமாகப் பார்த்தால் நான் அப்போதே குதித்து ஆடியிருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“அங்க பைப்பே கிடையாது” என்றேன். “நான் போட்டது நேர்கோடு.”

“கிடையாதுதான்” என்றான் மச்சான் அவசரமாக. “மாமா சொல்றது சரி.”

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த விரிப்பை மேஜைமேல் வைத்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் பேசி நான் பொறந்ததுல இருந்து பாத்தது இல்ல. என்ன மறைக்கிறீங்க?”

“மறைக்க என்னம்மா இருக்கு?”

“மாமா, அந்த இடத்த ஏன் சுத்திட்டு வந்தீங்க?”

“எதையும் சுத்தல. வழி அப்படி.”

“அங்க உடைச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமில்ல? இந்த ரூம் பூரா தூசி. அடுக்கி வச்ச நானூறு விரிப்பையும் திரும்பத் துவைக்கணும். அங்க தண்ணி இல்லன்னா என்கிட்ட துவைக்கத் தண்ணியும் இல்ல, குடுக்க விரிப்பும் இல்ல. இன்னிக்கே பூட்டிட்டுப் போயிடலாம். அதனாலதான் கேக்குறேன், நீங்க சாய்ச்சீங்களா?”

“சாய்ச்சேன்னு சொன்னேனே!” என்று கத்தினான். அவ்வளவு சத்தம் தேவையே இல்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். “அப்பா, நீங்க நேரா போட்டீங்களா, இல்ல நேரா வரைஞ்சீங்களா?”

இந்தக் கேள்வியை முப்பத்திநான்கு வருஷத்தில் ஒரு மேலதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் ஆபீசில் வளைந்த பைப் என்று ஒன்று கிடையவே கிடையாது, காகிதத்தில். தோண்டும்போது பாறை வரும், பழைய அஸ்திவாரம் வரும், பக்கத்தில் போய் வளைத்துக்கொண்டு வருவோம். ஆனால் வளைவைக் காட்டினால் புது வரைபடம், புது ஒப்புதல், புதுக் கையெழுத்து. கோப்பு மூன்று மேஜை கீழே இறங்கித் திரும்ப ஏற வேண்டும். அதனால் ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. எல்லோரும் அப்படித்தான். பிறகு அந்தக் கோட்டையே பார்த்துப் பார்த்து, பைப்பும் அப்படித்தான் கிடக்கிறது என்று எங்களுக்கே நம்பிக்கை வந்துவிடும்.

“அப்பா.”

“நேரா வரைஞ்சேன்” என்றேன். “போட்டது ஞாபகம் இல்லம்மா. சத்தியமா ஞாபகம் இல்ல.”

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். “இந்த மனுஷன் வரைஞ்ச வரைபடத்த வச்சா நான் இத்தனை வருஷம் ஊர் பூரா மைக்க வச்சேன்? கடவுளே!”

“ஆமா, நீயும்தான் தப்பா சொன்ன!”

“உங்க கோட்ட நம்பினேன்ல, அதான் தப்பு! கோட்டுமேல மட்டும் மைக்க வச்சேன். இந்தப் பக்கம் வரவே இல்ல!”

இது வேறா? யானைக்காலைத் தூக்கிக்கொண்டு விடிந்ததிலிருந்து நின்றவன், சுவருக்கு இந்தப் பக்கம் ஒருமுறைகூட வைத்துப் பார்க்கவில்லை! நாங்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்க இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

“இப்ப வச்சுப் பாருங்க” என்றாள் மகள்.

“பாய்லர இப்பதானே ஓட விட்டிருக்கீங்க. அந்த அதிர்வுல ஒண்ணும் கேக்காது. ஆறி அடங்க சாயங்காலம் ஆகும்.”

அவள் நகத்தைக் கடித்தாள். பிறகு அந்த இடத்துக்குப் போய், மச்சான் மிதிக்காமல் தாண்டிய தரையில் செருப்புக் காலை வைத்தாள்.

“அண்ணே, இங்க உடைங்க.”

“வேணாம்மா!” என்றோம் நானும் மச்சானும், ஒரே குரலில். அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் உறுதி வந்துவிட்டது.

உடைப்பவர் சந்தோஷமாக எழுந்தார். இருபது நிமிஷம் காது கிழிந்தது. வெள்ளை விரிப்புகள் சாம்பல் நிறத்துக்கு வந்தன. ஒரு முழம் இறங்கியதும் கீழே மணல் ஈரமாக வந்தது. அடுத்த குத்துக்குத் தண்ணீர் பீறிட்டு உடைப்பவரின் மீசையைக் கழுவியது. நான் சொல்கிறேன், உத்தரத்தைத் தொட்டது. சரி, மேஜை உயரம்.

அடியில் ஒரு பழைய கல் அஸ்திவாரம். அதைச் சுற்றிக்கொண்டு வந்த பைப். முக்கில் ஒரு எல்போ, வளைவுத் துண்டு. அதன் கழுத்தில், தண்ணீர் கசியாமலிருக்க, சணலை இடமிருந்து வலமாகச் சுற்றி வெள்ளை பெயின்ட் பூசியிருந்தது. ஆபீசிலேயே ஒருத்தன்தான் அப்படிச் சுற்றுவான்.

மச்சான் குனிந்து பார்த்தான். “யாரு மாமா இந்தச் சணல் சுத்தினது? ரொம்பக் கேவலமா சுத்தியிருக்கான்.”

நான் பைப் திருகும் சாவியைக் கேட்டு வாங்கி, குழிக்குள் இறங்கி, என் சொந்தத் தப்பை என் கையாலேயே மாற்றினேன். மதியத்துக்குள் தொட்டி நிறைந்தது. மூன்று இயந்திரமும் ஒன்றாக உறும ஆரம்பித்தன. தூசி படிந்த நானூறோடு மீதி நானூறு விரிப்பும் உள்ளே போயின. நாளைக்கு ஐந்து மணிக்கு முன்னாலேயே வண்டி கிளம்பிவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னாள் மகள். சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.

மச்சான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான், யார் முகத்தையும் பார்க்காமல். இஸ்திரிப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னதான் நடந்தது என்று கேட்டார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா?

“நீங்க சிரிச்சுட்டு நின்னதால கவனிக்கல. அந்தக் கம்பி இவன அப்படியே இழுத்துச்சு. பத்தடி! கால் ரெண்டும் தரைய விட்டு அரை அடி மேல. கையில புகை. அப்ப இவன் ‘மாமா, காப்பாத்துங்க’ன்னு ஒரு கத்து கத்தினான் பாருங்க...”

கேபிள் தரையில் விழுந்தது.

“பொய்!” என்றான் மச்சான். “இழுக்கவும் இல்ல, தூக்கவும் இல்ல, புகையும் இல்ல. இப்படித்தான் எல்லாத்தையும் கெடுக்குறீங்க. நான் சும்மா நடந்தேன், அந்த இடத்துல சேந்துச்சு. பின்னால வந்தேன், விலகிச்சு. திரும்பப் போனேன், திரும்பச் சேந்துச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு!”

“நீதான் சாய்ச்சேன்னு சொன்னியே?” என்றேன் அப்பாவியாக.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குழியைப் பார்த்தான். கடைசியில் மகளைப் பார்த்து, அவளிடம் மட்டும் சொன்னான்.

“நான் சாய்க்கலம்மா.”