கறுப்புக் கட்டங்கள் காணாமல் போன ஞாயிறு

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். லாரி அளவுப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து நூல் பிசகாமல் இறக்கிவைத்த கைகள் அவருடையவை. அந்தக் கைகள்தாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு குட்டிப் பிரிண்டரின் வாயில் மாட்டிக்கொண்ட காகிதத்தை வெளியே இழுக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தன.

கூடத்துக்கு வந்த மருமகள் அந்தக் காட்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தரையெங்கும் தாள்கள். ஒன்றில் மெத்தை விளம்பரம். இன்னொன்றில் பத்திரிகையின் பெயர் மட்டும். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. ஒரு தாளில் பாதிக் குறுக்கெழுத்துப் புதிர் இருந்தது. மீதிப் பாதி வலது ஓரத்தில் வெட்டுப்பட்டு எங்கோ போயிருந்தது.

மாமனார் அவளைப் பார்த்ததும் தாள்களைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார்.

அவள் இந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தாம் ஆகியிருந்தன. இத்தனை நாளில் அவர் அவளிடம் பேசியதெல்லாம் "ம்", "சரிம்மா", "சாப்பிட்டியா" என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். பிடிக்காமல் அல்ல, கூச்சம். "உங்கப்பாகிட்ட பேசறது சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு" என்று அவள் ஒருமுறை புருஷனிடம் சொன்னபோது, "சுவராவது எதிரொலிக்கும்" என்றான் அவன்.

குறுக்கெழுத்துதான் மாமனாரின் ஒரே பைத்தியம். ஞாயிறு தவறாமல் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த புதிரை இந்த மாதத்திலிருந்து இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள். திரையில் தட்டித் தட்டி நிரப்புவது அவருக்குச் சரிப்படவில்லை. பேனாவும் தாளும் கையில் இருந்தால்தான் மூளை ஓடும் என்பார்.

"நான் பார்க்கட்டுமா மாமா?"

"ம்" என்றார் அவர். பிறகு, அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, "பாரும்மா" என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் வேலை செய்வது செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். மயிரிழை உயரம் கூடினாலும் வாய் மூடாது என்பதால் எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்கும் பழக்கம் அவளுக்கு. பிரிண்டரின் பின்கதவைத் திறந்து, கசங்கிய தாளைக் கிழியாமல் எடுத்தாள். கணினியில், மாமனார் ஏற்கெனவே அழுத்தியிருந்த கட்டளைகளை நிறுத்திவைத்துவிட்டு, அச்சிடும் பக்கத்தைத் திறந்தாள். மெத்தை விளம்பரமும் வெற்றுத்தாளும் இல்லாமல், புதிர் உள்ள பக்கத்தின் எண்ணை மட்டும் கொடுத்தாள். வலது ஓரம் வெட்டுப்படாமலிருக்க அளவைக் குறைத்து, தாளுக்குள் அடக்கினாள். இணையதளத்தின் அடியில் "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டு ஒரு பட்டை குறிப்புகளை மறைத்துக்கொண்டிருந்தது, அதையும் மூடினாள்.

"அதுதான் காலையிலேர்ந்து வழி மறிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் ஒத்துக்கவே இல்ல" என்றார் மாமனார் பெருமையாக.

தாள் வந்தது. ஒரே பக்கம். குறிப்புகள் பளிச்சென்று இருந்தன. ஆனால் கறுப்புக் கட்டம் ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழ்வரை எல்லாமே வெள்ளை. சன்னல் கம்பி போல வெறும் கோடுகளும், மூலையில் குட்டி எண்களும்.

"கறுப்பு மை தீர்ந்திருக்கும் மாமா."

மாமனார் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எழுத்தெல்லாம் கறுப்பா வந்திருக்கேம்மா. மை இல்லன்னா எழுத்து எப்படி வரும்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சரியான கேள்வி. எழுத்துக்குக் கறுப்பு வருகிறது, கட்டத்துக்கு மட்டும் வரவில்லை. அப்படியானால் கோளாறு பிரிண்டரில் இல்லை. எங்கே என்று தேடலாம் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. திரை இருண்டது. பிரிண்டர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

கையில் மிஞ்சியது அந்த வெள்ளைத் தாள் மட்டும்.

"விடும்மா" என்றார் மாமனார், முகம் வாடி.

"ஏன் விடணும்? குறிப்பு இருக்கு, எண் இருக்கு. கறுப்பை நாமளே கண்டுபிடிப்போம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். எத்தனை எழுத்து என்று சொல்லும் வழக்கம் இந்தப் புதிர்க்காரருக்கு இல்லை. சொல் எங்கே தொடங்குகிறது என்று எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எங்கே முடிகிறது என்பது கடவுளுக்கும் கறுப்புக் கட்டத்துக்கும்தான் தெரியும். ஆனாலும் அவர் சன்னலோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒண்ணு. ஓடும், ஐந்துக்கு அடுத்து நிற்கும், சூடான பாலிடம் சொல்வது."

"ஆறு!"

"ஆறு" என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தைக் கறுப்பாக்கினார். "அடுத்தது நான்."

அதற்குப்பின் நேரம் போனதே தெரியவில்லை. பேசாத மனுஷர் பேசினார். அவள் சொன்ன விடைக்கு "அது எப்படி?" என்று மல்லுக்கு நின்றார். ஓர் இடத்தில் அவர் அவசரப்பட்டுக் கறுப்பாக்கிய கட்டத்தில் எழுத்து வரவேண்டியதாகிவிட்டது. "பேனா வழுக்கிடுச்சு" என்று சாதித்தார். "கிரேன் ஓட்டும்போதும் இப்படித்தான் வழுக்குமா மாமா?" என்று அவள் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரோ வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டாள்.

பாதியில் வண்டி நின்றது. கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளைக்காடு.

"சிரிக்க வைப்பவர், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இவரே" என்று படித்தாள் அவள். இருவரும் ஒரே நேரத்தில், "விகடகவி!" என்று கத்தினார்கள்.

எழுதி முடித்ததும் அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை அவர் கையிலிருந்து பிடுங்கித் தலைகீழாகத் திருப்பினாள். "மாமா, பழைய புதிர் எதையாவது நினைச்சுப் பாருங்க. கறுப்புக் கட்டமெல்லாம் தலைகீழாப் பிடிச்சாலும் அதே இடத்துலதானே இருக்கும்? மேல் தாடைக்குக் கீழ்த் தாடை மாதிரி, ஒண்ணுக்கு ஒண்ணு ஜோடி!"

மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். "ஆமாம்! இத்தனை வருஷமாப் போடறேன், என் கண்ணுல படலையே!"

மேலே கண்டுபிடித்த கறுப்புகளை எல்லாம் கீழே எதிர்முனையில் தீட்டினார்கள். வெள்ளைக்காட்டில் வழி பிறந்தது. ஒரே ஒரு குறிப்பு மட்டும் மசியவில்லை. அதைச் சத்தமாகப் படித்தார் மாமனார்: "அரசன் சூடுவது, தொடங்கியவனிடம் சொல்வது."

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "முடி! உங்க தலைக்கு அது எங்க தோணப்போகுது?"

மாமனார் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். மருமகளுக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இந்த வீட்டுல கட்டத்துக்கு இருக்கிற மரியாதை கட்டிக்கிட்டவளுக்கு இல்ல" என்றபடி மாமியாரும் வந்து ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மின்விசிறி நின்றுபோனதால் புழுங்கி, அவளுடைய புருஷன் எழுந்து வந்தான். மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் நர்ஸ் அவன். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. "என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க?" என்று அவன் கேட்கவும் மின்சாரம் வரவும் சரியாக இருந்தது. கணினி உயிர் பெற்றதும் பிரிண்டர் உறுமியது. காலையில் மாமனார் கோபத்தில் மீண்டும் மீண்டும் அழுத்திய கட்டளைகளெல்லாம் நிறுத்திவைத்த இடத்திலிருந்து மறுபடி கிளம்பிவிட்டன போலும். மெத்தை, பத்திரிகைப் பெயர், வெற்றுத்தாள், மறுபடியும் மெத்தை என்று தட்டில் வந்து விழத் தொடங்கின.

"நிறுத்துடா அதை!" என்று மாமனார் கத்த, மாமியார் ஒரு தாளை எடுத்து, "விலை பரவாயில்லையே, ஒரு மெத்தை வாங்கலாமா?" என்றார்.

அவன் வரிசையில் நின்றதையெல்லாம் நீக்கினான். கதையைக் கேட்டான். கொட்டாவி விட்டுக்கொண்டே அச்சிடும் பக்கத்தில் கூடுதல் அமைப்புகளைத் திறந்து, "பின்னணிப் படங்கள்" என்ற இடத்தில் ஒரு டிக் போட்டான். "மை செலவாகக் கூடாதுன்னு பின்னணி நிறத்தையெல்லாம் பிரவுசர் தானா விட்டுடும். இதைப் போட்டா வந்துடும்."

கறுப்புக் கட்டங்களோடு தாள் வந்தது. இரண்டு தாள்களையும் சன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தார் மாமனார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பேனா வழுக்கிய அந்த ஓர் இடம் தவிர எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தின.

"பார்த்தியாடா!" என்று மகனின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "கண்டுபிடிச்சது இவ!"

"நாம மாமா" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு, அவள் எழுந்து வருவதற்குள் மாமனார் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்க எண் கொடுத்தாயிற்று, அளவு குறைத்தாயிற்று, வழிமறித்த பட்டையும் ஒருவழியாக மூடப்பட்டிருந்தது.

"எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கீங்க மாமா. அந்த டிக் மட்டும் போட்டா..."

"வேணாம்மா" என்று அவள் கையைத் தடுத்தார். "கறுப்பு வேணாம். எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. யார் முதல்ல முடிக்கிறாங்கன்னு பார்த்துடுவோம்."

"எனக்கும் ஒண்ணு" என்றார் மாமியார், கண்ணாடியைத் தேடிக்கொண்டே. "எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லு."