ஓதம் ஏறாத சுவர்

அந்த வீட்டில் பெயிண்டருக்கு ஒரே ஒரு சுவர்தான் பாக்கி. கூடத்துச் சுவர். மற்ற அறைகளை மளமளவென்று முடித்துவிட்டான். இந்தச் சுவருக்கு மட்டும் மூன்று சாம்பிள் பலகை போட்டும் டிசைனருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கார அம்மாள் முதலில் எல்லாம் வெள்ளையாக வேண்டும் என்றாள். பிறகு தொழிற்சாலை மாதிரி செங்கலும் குழாயும் தெரிய வேண்டும் என்றாள். கடைசியில் டிசைனர் காட்டிய ஒரு படத்தில் நின்றுவிட்டாள். காரை உதிர்ந்து, நிறத்துக்கு மேல் நிறம் பொறுக்குத் தட்டிய பழைய சுவர்.

“நூறு வருஷம் மனுஷங்க வாழ்ந்த சுவர் மாதிரி இருக்கணும் பெயிண்டர்” என்றாள் டிசைனர். “நீங்க போட்டது நேத்து அடிச்சு இன்னிக்குச் சுரண்டுன மாதிரி இருக்கு. பொய்யாத் தெரியுது.”

“பொய்தானேம்மா செய்யச் சொல்றீங்க?”

அவள் சிரித்தாள். “நல்லாப் பொய் சொல்லுங்கன்றேன். நாளைக்கு இன்னொரு பலகை. அதுவும் சரியில்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும்.”

இருபத்தெட்டு வருடமாகச் சுவரை வழவழப்பாக்கியே பழகிய கை. குழியைக் கண்டால் பட்டி வைக்கும். பொறுக்கைக் கண்டால் உப்புத்தாள் போடும். கெடுக்கச் சொன்னால் அந்தக் கைக்கு வழி தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தவனுக்கு எதிரே கட்டில். கட்டிலை ஒட்டிச் சுவர். பக்கத்து வீட்டுக் குளியலறையின் ஈரமெல்லாம் அதில்தான் இறங்கும். பச்சை உதிர்ந்து நீலம், நீலம் உதிர்ந்து சுண்ணாம்பு, முழங்கால் உயரத்துக்கு உப்பு. தலைமாட்டில் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு பழுப்பு வட்டம். மூச்சு இழுக்கும்போது அவன் மனைவியால் படுக்க முடியாது. உட்கார்ந்தபடி சுவரில் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஏறிய எண்ணெய்க் கறை அது.

மருந்து அப்புறம், முதலில் சுவரைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓதம் தடுக்கிற நிறமில்லாத பூச்சு ஒரு டப்பா வாங்கிக் கட்டிலடியில் வைத்தாயிற்று. பொறுக்கையும் உப்பையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும்; இரண்டு நாள் வேலை. வருகிற ஞாயிறு தொடங்குவதாகப் பேச்சு.

“என்னய்யா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி செவுத்தையே பாக்கற?” என்றாள் மனைவி.

“எங்க ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன்.”

“எங்கயாவது ஆரம்பி. அதுக்குள்ள பொண்ணு உதுந்துடப் போவுது.”

அவன் செல்போனில் படம் எடுத்தான். தரையிலிருந்து வட்டம் வரைக்கும் நூல் போட்டு அளந்தான். பூச்சு வேலைக்குத்தான் என்று நினைத்து அவள் குனிந்து நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் டிசைனர் அவன் கொண்டுவந்த புதுப் பலகையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

“இத எங்க பிடிச்சீங்க?”

“பழைய வீடு ஒண்ணும்மா.”

“நம்ம வேலை முடியற வரைக்கும் அதுல யாரும் கை வைக்காம இருக்கணும்.”

“வைக்க மாட்டாங்க” என்றான்.

அந்த ஞாயிறு போனது. அடுத்ததும் போனது. மாதிரி அழிந்தால் வேலை அழிந்தது. மனைவி கேட்டபோது, சுவர் இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று மழுப்பினான். தன் வீட்டு ஈரம் அப்படியே இருக்க, இங்கே காய்ந்த சுவரில் டீத்தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் வரைந்தான். கடைசி நாள் மேல்பூச்சு போதவில்லை. கட்டிலடி டப்பாவைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனான். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

வேலை முடிந்த வீடுகளைக் கழுவித் துடைக்கிற ஆட்களில் அவன் மனைவியும் ஒருத்தி. மேஸ்திரி அவளை இந்த வீட்டுக்கு அனுப்பியது அவனுக்குத் தெரியாது. மறுநாள் அவன் ஏணியில் நின்று சன்னல் சட்டத்துக்குப் பெயிண்ட் தொட்டுக்கொண்டிருந்தபோது அவள் வாளியோடு உள்ளே வந்தாள்.

வீட்டுக்கார அம்மாள் சுவர்முன் நின்று அந்தப் பழுப்பு வட்டத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. யாரோ வருஷக்கணக்கா இங்க சாஞ்சு நிம்மதியாத் தூங்கின மாதிரி இல்ல?”

“அதுக்குத்தான் சோபாவ இங்க போட்டிருக்கோம்” என்றாள் டிசைனர்.

“ஓதம் கீதம் ஏறிடாதே?”

“ஏறாதும்மா” என்றான் ஏணியிலிருந்து.

இருவரும் மாடிக்குப் போனார்கள். மனைவி வாளியைக் கீழே வைத்தாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தாள். தலை நேராக வட்டத்தில் போய்ப் பொருந்தியது. இரண்டு மூச்சு அப்படியே இருந்துவிட்டு எழுந்தாள்.

“அளவு சரியா இருக்கு. நான்தான நூலப் பிடிச்சேன்.”

அவன் ஒரு படி இறங்கினான்.

“இதுக்கு எத்தன நாளாச்சு?”

“பதினாறு.”

“நம்மளுது ரெண்டு நாள் வேலைன்ன.”

“இத முடிச்சுட்டு...”

“கட்டிலடி டப்பாவக் காணோம்னு காலைல தேடுனேன். அதுவும் இங்கதானா?”

அவன் பிரஷ்ஷைப் பார்த்தான்.

அவள் துணியை நனைத்து, பிழியாமல், வட்டத்தின்மேல் அழுத்தித் துடைத்தாள். கறை கலையவில்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தரையில் கொட்டியது. இருமல் வந்தது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி அது அடங்கும்வரை நின்றாள்.

“நல்ல வேலை. ஒரு பொட்டு எறங்கல.”

பிறகு குனிந்து, தரையில் வழிந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள்.