வாசலில் நின்ற புத்தகங்கள்

பல் டாக்டர் சேர்த்து வைத்திருந்த முந்நூற்றுப் பதினோரு குட்டிப் பிரார்த்தனைப் புத்தகங்களில் ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வீட்டோடு சேர்ந்த கிளினிக்கின் கண்ணாடி அலமாரியிலிருந்து இறங்கி வாசலை நோக்கி நடந்தது. தீப்பெட்டியில் பாதி அளவு என்பதால் போய்ச்சேரக் கால்மணி நேரம் பிடித்தது. டாக்டர் இடுக்கியால் எடுத்து உள்ளே வைத்தார். மறுநாள் நான்கு இறங்கின.

எந்த மதம் என்று அவர் பார்ப்பதில்லை. நூறு வருஷம் பழையதாக இருந்து, உள்ளங்கைக்குள் அடங்கினால் போதும். எதையும் திறக்கவும் மாட்டார். திறந்தால் முதுகுத் தையல் விட்டு மதிப்புப் போய்விடும் என்பது சேகரிப்பவர்களின் கணக்கு. ஊரிலுள்ள வாயையெல்லாம் ‘ஆ’ காட்டச் சொன்ன மனிதர் இவற்றை மட்டும் வாய் திறக்கவிடவில்லை. அவற்றில் நகக்கண் அளவில் ஒன்று அவர் மனைவியின் அம்மாவுடையது. கல்யாணமான புதிதில், பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி, பூட்டிவிட்டார். பத்தொன்பது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் காய்ச்சல்ல படுத்தா எங்கம்மா அதுல ஒரு பக்கம் படிப்பாங்க. ஒரே ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க.”

“தையல் விட்டுடும்மா” என்பார்.

அந்த வருஷம் புத்தகங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோயாளிகளின் சட்டைப்பையில், குடை மடிப்பில் ஏறிப் போய்விடும். வீங்கிய கன்னத்தோடு அவர்களே திருப்பிக் கொண்டுவருவார்கள். டாக்டர் பூட்டை மாற்றினார். அலமாரி இடுக்கில் பல்லடைக்கும் சிமெண்ட் பூசினார். “அதுங்க கால்ல சக்கரம் கட்டிக்கிச்சு சார்” என்றார் கம்பவுண்டர்.

ஒருநாள் காலை அத்தனையும் வாசலில் வரிசையாக நின்றன. வரிசையின் கடைசியில், கையில் பெட்டியோடு மனைவி.

“கதவைத் திறங்க. நானும் கிளம்புறேன்.”

புத்தகங்கள் போனால் தாங்கிக்கொள்ளலாம், இவள் போனால் முடியாது என்பது டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. வரிசையிலிருந்து நகக்கண் புத்தகத்தை எடுத்து, விளக்கடியில் வைத்துத் திறந்தார். தையல் பட்டென்று விட்டது. பூதக்கண்ணாடி வழியாகத் தட்டுத்தடுமாறி வாசித்தார். மூன்றாவது வரியில் ஒரு சொல் தப்பியது. அவள் கண்ணை மூடியபடியே திருத்தினாள். முழுப் பக்கமும் அவளுக்கு மனப்பாடம்.

“தெரிஞ்சே வச்சிருந்தா எதுக்கு இத்தனை வருஷம் கேட்டே?”

“எனக்கு நானே படிச்சுக்கிட்டா காய்ச்சல் எறங்குமா?”

அவள் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மற்ற புத்தகங்கள் வாசலிலிருந்து திரும்பி வந்து, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் ஏறின. அன்றிலிருந்து, டாக்டர் இரண்டு புத்தகங்களைத் திறந்து வாசித்த பிறகுதான் பல்வலிக்காரர் ஒருவரை உள்ளே கூப்பிட்டார்கள். நோயாளிகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து புத்தகங்களுக்கு இடம் விட்டார்கள், அவ்வளவுதான்.